பேச்சு வர்றதுக்கு முன்னாடி கையால பேசின குழந்தைங்க, உங்க வீட்டுக் கதையும் சொல்லுங்க

மடிப்பாக்கம் அம்மா:

பொண்ணுக்கு இப்போ 14 மாசம். 26 வாரம் லீவு முடிஞ்சு நான் ஆபீஸ் போக ஆரம்பிச்சதும் பகல் முழுக்க மாமியார்கிட்ட தான் இருப்பா, சாயங்காலம் நான் செருப்பைக் கழட்டுறதுக்குள்ள ஆரம்பிக்கும் அழுகை, பசியா தூக்கமா டயப்பர் ஈரமா ஒண்ணும் புரியாது, ஒண்ணொண்ணா ட்ரை பண்ணி பார்த்து கடைசில நானும் சேர்ந்து அழுத நாள் உண்டு. அப்போ தான் யூடியூப்ல பேபி சைன் வீடியோ ஒண்ணு கண்ணுல பட்டுச்சு.

மூணே மூணு சைகை தான் எடுத்துக்கிட்டேன். பாலுக்கு கையை மடக்கி மடக்கி விரிக்கணும், மாடு கறக்கிற மாதிரி. இன்னும் வேணும்னா ரெண்டு கை விரலையும் குவிச்சு நுனியோட நுனி தட்டணும். முடிஞ்சதுக்கு ரெண்டு கையையும் விரிச்சு இப்படியும் அப்படியும் திருப்பணும். அந்தந்த நேரத்துல வாயால சொல்லிக்கிட்டே கையால காட்டணும், அவ்ளோ தான் விஷயம். சொல்ல ஈசியா இருக்கு, ஏழு வாரம் நான் மட்டும் பைத்தியம் மாதிரி கையை மடக்கி விரிச்சுக்கிட்டு இருந்தேன், அவ என் மூக்குத்தியவே பார்த்துக்கிட்டு இருப்பா. வீட்டுக்காரர் வேற "ட்ராஃபிக் போலீஸ் வேலைக்கு ட்ரெயினிங்கா"ன்னு கேட்டார்.

பத்து மாசம் ஆகப்போறப்ப ஒரு காலைல இடுப்புல வச்சுக்கிட்டு கிச்சனுக்குள்ள போறேன், மேடையில ஆவின் பாக்கெட் இருந்துச்சு, அதைப் பார்த்து கையை மடக்கி விரிச்சா. அப்போ தான் குடிச்சு முடிச்சிருந்தா, பசி கிடையாது. குடுன்னு கேக்கல, "அதோ பால்"னு எனக்கு சொல்றா! பசிச்சா கேக்கத்தான் இதெல்லாம்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன், அவ என்கிட்ட கதை பேசுறா. ஆபீஸ்க்கு அரை மணி நேரம் லேட்டு அன்னிக்கு.

அப்புறம் "இன்னும்" பிடிச்சுக்கிட்டா பாருங்க, எல்லாத்துக்கும் அதே தான். கரண்ட் போனா நின்ன ஃபேனைப் பார்த்து இன்னும் இன்னும். கோயில்ல சக்கரைப் பொங்கல் ஒரு வாய் குடுத்துட்டு நகர்ந்த குருக்களைப் பார்த்து விரலைத் தட்டுறா, அவர் கைதட்டுதுன்னு நினைச்சு "நன்னா இருக்கணும்"னு சொல்லிட்டுப் போய்ட்டார், இங்க ஒரே ரகளை.

"முடிஞ்சது" தான் எங்க வீட்டுப் பஞ்சாயத்து. மாமியாருக்கு அது டாட்டா மாதிரி தெரியுது. குழந்தை போதும்னு கையைத் திருப்பும், இவங்க "எங்கடி கெளம்பிட்ட, பருப்பு சாதத்தை முடிச்சுட்டுப் போ"ன்னு இன்னொரு வாய் திணிப்பாங்க. ஆனா அவங்க சொல்லிக் குடுத்த சாமி கும்பிடுறது மட்டும் மூணே நாள்ல வந்துருச்சு. வெளக்கைப் பார்த்தா கும்பிடுவா, ட்யூப்லைட்டைப் பார்த்தா கும்பிடுவா, ஃப்ரிட்ஜைத் தொறந்தா உள்ள எரியுற லைட்டுக்கும் ஒரு கும்பிடு.

இப்போ விஷயம் என்னன்னா, இப்படி கையை ஆட்டியே பழகிட்டா வாயைத் தொறக்கவே மாட்டான்னு மாமியார் சொல்றாங்க. வாய்ல இப்போதைக்கு அம்மா, தாத்தா, கா (காக்கா) மூணு தான். எனக்கும் லேசா பயம் புடிச்சிருக்கு. செஞ்சு பார்த்தவங்க யாராவது இருக்கீங்களா?

நியூஜெர்சி சித்தி:

எங்க அக்கா பையனை பகல்ல டேகேர்ல விடுறோம், அங்க டீச்சருங்களே மோர் (more, அதாவது இன்னும்), ஆல் டன் (முடிஞ்சது) ரெண்டையும் கையால சொல்லிக் குடுத்துடுறாங்க. வீட்ல தமிழ், அங்க இங்கிலீஷ், பையன் ரெண்டு எடத்துலயும் ஒரே கையைக் காட்டுவான், அங்க அது மோர், இங்க அது இன்னும். அக்காவுக்கு இதுல ஒரு நிம்மதி, தமிழ் மட்டும் கேட்டு வளர்ந்த புள்ளை அங்க போய் வாயில்லாப் பூச்சியா நிக்குமோன்னு பயந்துக்கிட்டு இருந்தா. ரெண்டு வயசுல ரெண்டு பாஷையும் கொட்டுனான், கை தானா நின்னு போச்சு.

நெல்லை ஆச்சி:

ஏம்மா, இதுக்கு வீடியோ எதுக்கு? டாட்டா காட்டுறது, சாமி கும்பிடுறது, காக்காவைக் கூப்பிடுறது, நிலாவை விரல் நீட்டி வா வான்னு கூப்பிடுறது, தீந்து போச்சுன்னா ரெண்டு கையையும் மல்லாத்திக் காட்டுறது, இதெல்லாம் என்னவாம்? பிள்ளைத்தமிழ்ல சப்பாணிப் பருவம்னு ஒண்ணு உண்டு, ஒம்பதாம் மாசம், குழந்தை ரெண்டு கையையும் சேத்துத் தட்டுற பருவம். உம் மக பாலைக் காட்டுனதும் பத்து மாசத்துக்குள்ள தானே? கை முந்தி வரும், நாக்கு பொறவு தான் வரும். உங்க மாமியாரு மூணு நாள்ல கும்பிட வச்சாங்கன்னா அவங்க அதைப் பகல் பூரா செஞ்சிருப்பாங்க, நீ சாயங்காலம் மட்டும் செஞ்ச. கோவிச்சுக்காத.

எம் பேரன் பூவைக் கண்டா மூக்கைச் சுளிச்சு மோந்து காட்டுவான், அதை யாரும் சொல்லிக் குடுக்கல.

ஸ்பீச் தெரபி பண்றவ:

ஆச்சி, அந்தப் பூ மேட்டர் தான் இந்த ஆராய்ச்சிக்கே ஆரம்பம்! கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் டேவிஸ்ல லிண்டா அக்ரெடோலோன்னு ஒரு உளவியல் பேராசிரியர், 1980கள் ஆரம்பத்துல அவங்க பொண்ணு ஒரு வயசு வாக்குல பூவைப் பார்த்தா மோந்து காட்டுச்சாம், யாரும் கத்துக் குடுக்காம. அதைப் பார்த்து தான் அவங்களும் சூசன் குட்வினும் ஆய்வுல இறங்கினாங்க. 2000ல அவங்க போட்ட ஆய்வுல சைகை கத்துக்கிட்ட குழந்தைங்க பேச்சுல கொஞ்சம் முந்தி இருந்ததா சொன்னாங்க. ஆனா 2013ல இங்கிலாந்துல ஹெர்ட்ஃபோர்ட்ஷைர் பல்கலைக்கழகத்து எலிசபெத் கிர்க் குழு 40 குழந்தைங்களை 8 மாசத்துலேர்ந்து 20 மாசம் வரைக்கும் பார்த்தாங்க, பேச்சு முந்தவும் இல்ல பிந்தவும் இல்ல. மாறினது அம்மாக்கள் தான், குழந்தை கண்ணு எங்க போகுது கை என்ன பண்ணுதுன்னு அதிகமா கவனிச்சாங்களாம். அதனால மடிப்பாக்கம் அம்மா, மாமியார் பயத்துக்கு ஆதாரம் இல்ல, வீடியோக்காரங்க ஐக்யூ ஏறும்னு விடுற கதையையும் நம்பாதீங்க.

14 மாசத்துல மூணு வார்த்தை இருக்கு, கை காட்டுறா, பதில் எதிர்பார்க்கிறா, எனக்கு இதுல கவலைப்பட ஒண்ணும் தெரியல. ஒரு வயசு தாண்டியும் டாட்டா இல்ல, ஒண்ணையும் கை நீட்டிக் காட்டுறது இல்ல, கூப்பிட்டா திரும்பறது இல்லன்னா தான் நான் உஷாராவேன். அப்போ முதல்ல காது டெஸ்ட், ஓஏஇ (உள்காது சத்தத்துக்கு வேலை செய்யுதான்னு பார்க்கிறது), தேவைப்பட்டா பெரா (சத்தம் காதுலேர்ந்து நரம்பு வழியா மூளைக்குப் போகுதான்னு பார்க்கிறது). "அவங்க அப்பாவும் லேட்டா தான் பேசினான்"னு சொல்லிச் சொல்லியே மூணு வயசுல கூட்டிட்டு வர்றாங்க, அங்க தான் எனக்குக் கோவம் வரும்.

மதுரைக்காரி:

நான் இத வேற மாதிரி பார்த்து வளர்ந்தவ. எங்க அம்மா அப்பா ரெண்டு பேருக்குமே காது கேக்காது, பேச்சும் வராது. நான் அழுதா அம்மாவுக்குக் கேக்காதுன்னு ராத்திரி முழுக்க என் நெஞ்சு மேல கையை வச்சுக்கிட்டே தான் தூங்குவாங்களாம், அழறப்ப அது அதிரும்ல. எனக்கு முதல் வார்த்தை கைல தான் வந்துச்சுன்னு பாட்டி சொல்வாங்க. அப்புறம் பாட்டி பேசிப் பேசி வாய்ப்பேச்சும் வந்துச்சு, இப்போ என் வாயை மூட முடியலைன்னு வீட்டுக்காரர் புலம்பறார், அதனால சைகை பழகினா பேச்சு வராதுங்கறவங்களை என் வீட்டுக்கு அனுப்புங்க.

ஒரே ஒரு ஆதங்கம். காது கேக்குற குழந்தை கையை ஆட்டுனா "ஐயோ அறிவு"ன்னு கொஞ்சுறாங்க, எங்க அம்மா சின்னப் புள்ளைல ஸ்கூல்ல கையால பேசினதுக்கு ஸ்கேல்ல அடி வாங்கியிருக்காங்க. வாயசைவைப் பார்த்துப் பேசணும்னு அந்தக் காலத்து பிடிவாதம். அம்மா இன்னும் அந்த ஸ்கேலோட நீளத்தைக் கையால அளந்து காட்டுவாங்க.

இன்னொண்ணு, நீங்க வீடியோல பார்க்கிறது பெரும்பாலும் அமெரிக்க சைகை. நம்மளது இந்திய சைகை மொழி, தனி மொழி, எழுத்துக்களைக் காட்டுறதே அங்க ஒத்தக் கை நம்மள்ல ரெண்டு கை. டெல்லில இருக்கிற இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மையம் வீடியோ அகராதி வச்சிருக்கு, 2018ல 3000 வார்த்தையோட ஆரம்பிச்சாங்க, 2021ல 10,000 ஆச்சு. கத்துக் குடுக்கிறதே குடுக்கறீங்க, அதைப் பார்த்துக் குடுங்களேன், நாளைக்கு உங்க பொண்ணு எங்க அம்மாவைப் பார்த்தா ரெண்டு வார்த்தை பேசலாம்.

லண்டன் அப்பா:

என் மகனுக்கு டவுன் சிண்ட்ரோம். இங்க மகாட்டன்னு ஒண்ணு இருக்கு, 1970கள்ல உருவாக்கினது, வாயால சொல்லிக்கிட்டே முக்கியமான வார்த்தைக்கு மட்டும் கை காட்டுறது. மத்தவங்களுக்கு இது ஆறு மாச விளையாட்டா இருக்கலாம், எங்களுக்கு மூணு வருஷம் அது தான் அவன் பேச்சு. "தண்ணி"ன்னு அவன் வாயால சொன்ன அன்னிக்கு கையும் கூடவே ஆடுச்சு. இப்பவும் கோவம் வந்தா வார்த்தை வராது, கை தான் வரும், அதுவும் படு வேகமா.

சேலம் இரட்டையர் அம்மா:

நானும் ட்ரை பண்ணேன்ங்க, ரெட்டைப் புள்ளைங்க, ஒருத்தன் கத்துக்கிட்டான், ஒருத்தன் அவன் தலைல தட்டுறதை மட்டும் கத்துக்கிட்டான். ரெண்டும் இப்போ நல்லாவே பேசுதுங்க. பாட்டில் கழுவவே நேரமில்லாத வீட்ல விட்டுட்டேன்னு வருத்தப்படாதீங்க.

மடிப்பாக்கம் அம்மா:

எல்லாருக்கும் நன்றி. ஆச்சி, கோவமெல்லாம் இல்ல, நீங்க சொன்னது கரெக்ட், பகல்ல யார் கூட இருக்காளோ அவங்க கை தானே அவளுக்குத் தெரியும். மதுரை அக்கா, அகராதி வீடியோவைத் தேடிப் பிடிச்சு வீட்டுக்காரரையும் உக்கார வச்சிருக்கேன், ட்ராஃபிக் போலீஸ் ட்ரெயினிங்ல இப்போ அவரும் சேர்ந்துட்டார்.

நேத்து நைட்டு நடந்தது சொல்லியே ஆகணும். தோசை ஊத்திக்கிட்டு இருக்கோம், மாமனார் இன்னொண்ணு கேட்டார், மாமியார் ஹால்ல நின்னுக்கிட்டு ரெண்டு கையையும் விரிச்சு இப்படி அப்படித் திருப்பி "மாவு முடிஞ்சது"ன்னாங்க. இவ அதைப் பார்த்தா, தன் தட்டுல இருந்த தோசையைத் தூக்கித் தாத்தா தட்டுல போட்டா, பாட்டியைப் பார்த்து அதே மாதிரி கையைத் திருப்பினா, இறங்கி விளையாடப் போய்ட்டா. மாமியார் கையை அப்படியே அந்தரத்துல வச்சுக்கிட்டு என்னைப் பார்த்தாங்க, நான் சட்னி எடுக்கப் போற மாதிரி கிச்சனுக்குள்ள ஓடிட்டேன்.