பேஸ்மேக்கர் வைத்து மூன்று மாதம்: ஏறினால் மூச்சு வாங்குகிறது, இறங்கினால் படபடப்பு. ஸ்டோர் வேலைக்குப் போகலாமா?

ஸ்டோர்க்காரன் (மஸ்கெலியா பக்கம்)

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு வயது 47, தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், 22 வருசமாக ஃபிட்டர் வேலை. மூன்று மாதத்துக்கு முன்னால் ரோலர் பக்கத்தில் நின்றவன் அப்படியே சரிந்துவிட்டேன். சாப்பிடாமல் வந்த மயக்கம் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள், டிஸ்பென்சரியில் சேலைன் ஏற்றிக்கொண்டிருக்கும்போதே மறுபடியும் மயங்கினேன். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஈசிஜி எடுத்த பிறகுதான் நாடி 32 என்று தெரிந்தது. இதயத்தின் மேல் அறையிலிருந்து கீழ் அறைக்கு மின்சாரம் போகிற வழி முழுசாக அடைபட்டுப்போச்சு, கம்ப்ளீட் ஹார்ட் பிளாக் என்று சொல்லி, இதயத்தை அடிக்க வைக்கிற பேஸ்மேக்கர் மெஷினை வைத்தார்கள். இடது பக்கம் காறை எலும்புக்குக் கீழே தீப்பெட்டி மாதிரி ஒரு தடிப்பு. உள்ளே ஒரு வயர்தான் போகிறதாம்.

மயக்கம் அப்புறம் ஒரு தரமும் வரவில்லை. அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

ஆனால் ரோட்டிலிருந்து எங்கள் லயத்து வீட்டுக்கு (தோட்டத்து வரிசை வீடு) 140 படி. பாதிப் படியிலேயே மூச்சு வாங்குகிறது, கால் எழும்ப மாட்டேன் என்கிறது. இறங்கும்போதோ ஒரு சிரமமும் இல்லை, அப்போது பார்த்து நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. ஆட்டோவில் தோட்டத்து ரோட்டில் குலுங்கிக்கொண்டு போனாலும் இதே கதைதான். எல்லாம் தலைகீழாக இருக்கிறதே? கிளினிக்கில் சொன்னேன், மெஷின் நன்றாக வேலை செய்கிறது என்று கொப்பியில் எழுதி அனுப்பிவிட்டார்கள்.

அடுத்தது வேலை. எனக்கு வெல்டிங் இருக்கிறது, ஜெனரேட்டர் இருக்கிறது, தூள் சலிக்கிற இடத்தில் ஆணி, கம்பித் துண்டு பிடிக்கிற பெரிய காந்தங்களைக் கழற்றித் துடைக்கிறதும் நான்தான். "ஒரு பிரச்சினையும் இல்லை என்று டொக்டரிடம் கடிதம் வாங்கி வா, இல்லாவிட்டால் வராதே" என்கிறார்கள். இதற்குள் தை மாதம் திருச்சியில் மச்சான் மகள் கல்யாணம். ஏர்போர்ட்டில் உலோகம் சோதிக்கிற கேட்டுக்குள் போனால் மெஷின் நின்றுவிடும் என்று பக்கத்து லயத்தில் ஒருவர் சொன்னதிலிருந்து வீட்டுக்காரி ஒரே அழுகை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பிள்ளைமடுவத்து அக்கா (பதுளை)

தம்பி, எனக்கு வைத்து ஒன்பது வருசம் ஆகிறது. அழ வேண்டாம் என்று வீட்டில் சொல்லுங்கள்.

முதலில் அந்தக் கடிதத்தைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் நான் அடிபட்டது அதில்தான். எனக்கு முதலில் கிடைத்த கடிதத்தில் "கடின வேலை கூடாது" என்று ஒரே ஒரு வரி. கொழுந்து பறிக்கிற எனக்கு எது கடினம், எது லேசு என்று யார் தீர்மானிப்பது? அதை வைத்தே வேலை இல்லை என்று வீட்டுக்கு அனுப்பினார்கள், கொஞ்ச நாள் வந்தாலும் அரைப் பேர்தான், அரை நாள் சம்பளம். யூனியன் தம்பி ஒருவர் யோசனை சொல்லி, மறுபடி கிளினிக்குக்குப் போய் நான் செய்கிற ஒவ்வொரு வேலையாகச் சொன்னேன். அந்த டொக்டர் அம்மா பொறுமையாகக் கேட்டு எழுதினார்: இடது தோளில் வார் அழுத்தக் கூடாது, விறகு வெட்டுகிற மாதிரி அந்தக் கையைத் தலைக்கு மேல் ஓங்கி ஓங்கிச் செய்கிற வேலை கூடாது, பாரம் இவ்வளவுக்கு மேல் கூடாது, மற்றது செய்யலாம். "மற்றது செய்யலாம்" என்ற அந்த ரெண்டு வார்த்தைதான் என்னைப் பிள்ளைமடுவத்துக்கு, தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற இடத்துக்கு, மாற்றித் தந்தது. அதற்கும் ஐந்து மாதம் நடந்தேன், அது வேற விசயம். அதனால் "பிரச்சினை இல்லை" என்ற கடிதத்துக்கு அலையாதீர்கள், அப்படி எந்த டொக்டரும் எழுத மாட்டார். உங்கள் வேலையை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

இன்னொன்று. முதல் நாலு முதல் ஆறு வாரம் கையைத் தோளுக்கு மேலே தூக்க வேண்டாம் என்பார்கள், உள்ளே வயர் பிடிக்கிற வரைக்கும். நான் பயந்துபோய் மூன்று மாதம் கையை மடக்கியே வைத்திருந்தேன். தோள் இறுகிப்போய் சட்டை போடவே முடியவில்லை, அதற்கு வேறு தனியாக எண்ணெய், ஒத்தடம். உங்களுக்கு அந்தக் காலம் தாண்டியாச்சு, கையை நன்றாக அசையுங்கள்.

இறங்கும்போது படபடப்பு என்றீர்களே, எனக்கும் வந்திருக்கிறது! நாலாவது வருசம் நல்லதண்ணிப் பக்கமாகச் சிவனொளிபாதமலை ஏறினேன், நின்று நின்று ஏறியதால் ஒன்றும் ஆகவில்லை, விடிந்து இறங்கும்போதுதான் நெஞ்சு ஓடியது. குளிரிலும் தூக்கமில்லாமலும் வந்தது என்று நினைத்து யாரிடமும் சொல்லவில்லை. விசயம் தெரிந்தவர்கள் இருந்தால் எனக்கும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஈசிஜி ரூம் (கண்டி)

அக்காவுக்கும் அண்ணனுக்கும் ஒரே பதில்தான். நான் டொக்டர் இல்லை, இந்த மெஷின்களைச் செக் பண்ணுகிற வேலையில் இருக்கிறேன்.

மேல் அறையில் இயற்கையாக ஒரு தாளம் இருக்கும், நாம் மலை ஏறினால் அது தானாகவே கூடும். ரெண்டு வயர் உள்ள மெஷின் அந்தத் தாளத்தைக் கேட்டு அதே வேகத்தில் கீழ் அறையை அடிக்க வைக்கும். ஒரு வயர் கீழ் அறைக்கு மட்டும் போயிருந்தால் மேலே நடப்பது அதற்குத் தெரியாது. அதனால் நீங்கள் நடக்கிறீர்களா, சும்மா இருக்கிறீர்களா என்று கண்டுபிடிக்க உள்ளே ஒரு அசைவு உணரி வைத்திருக்கிறார்கள். உங்களிடம் தந்த அட்டையைப் பாருங்கள், வி.வி.ஐ.ஆர் என்று நாலு எழுத்து இருந்தால், கடைசி 'ஆர்' அதுதான்.

சிக்கல் எங்கே என்றால், அந்த உணரி பார்ப்பது உடம்பு எவ்வளவு குலுங்குகிறது என்பதை, நீங்கள் எவ்வளவு கஷ்டப்படுகிறீர்கள் என்பதை இல்லை. படி ஏறும்போது மெதுவாக, நிதானமாக அடி வைக்கிறோம், குலுக்கம் குறைவு. "ஆள் சும்மா உலாத்துகிறார்" என்று மெஷின் நினைத்துக்கொண்டு வேகத்தைக் கூட்டாமல் இருந்துவிடும், நமக்கோ மூச்சு வாங்கும். இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் தொம் தொம் என்று உடம்பு அதிர்கிறது, "ஓடுகிறார்" என்று நினைத்து வேகத்தைக் கூட்டும். குழியான ரோட்டில் ஆட்டோவும் அப்படியே. சமதரையில் நடப்பவர்களுக்கு இது பெரிதாகத் தெரியாது. 140 படிக்கு மேலே வீடு வைத்திருக்கிற நம் ஆட்களுக்குத்தான் தெரியும்.

எல்லா மெஷினும் இந்த மாதிரி இல்லை, சிலதில் மூச்சின் வேகத்தை அளக்கிற உணரியும் இருக்கிறது. ஆனால் உங்களிடம் இருப்பதிலேயே நிறைய மாற்றலாம். எந்த அளவு அசைவுக்கு வேகம் கூட வேண்டும், எவ்வளவு சீக்கிரம் கூட வேண்டும், அதிகபட்சம் எத்தனை வரை போகலாம், எல்லாமே வெளியிலிருந்து கணினி வைத்து மாற்றுகிற விசயம். வெட்டுவதும் இல்லை, தைப்பதும் இல்லை. மெஷின் நன்றாக இருக்கிறது என்று எழுதியது பொய் இல்லை, பேட்டரியும் வயரும் நன்றாகத்தான் இருந்திருக்கும். மூச்சு வாங்குகிறது என்று மட்டும் சொன்னால் நாங்களும் அதோடு விட்டுவிடுவோம். "ஏறும்போது இப்படி, இறங்கும்போது இப்படி, என்னை இந்த ஆஸ்பத்திரிப் படியில் ஒரு தரம் ஏறி இறங்கச் சொல்லிவிட்டுப் பாருங்கள்" என்று வாய் திறந்து கேளுங்கள். கழுத்தில் நரம்பு துடிக்கிற மாதிரி இருந்தால் அதையும் சொல்லுங்கள், அதற்கு டொக்டர் வேறு மாதிரிப் பார்க்க வேண்டியிருக்கும். புதிதாக மூச்சு வாங்குகிறது என்றால் இதயம் எப்படிச் சுருங்குகிறது என்று ஒரு எக்கோவும் எடுப்பது நல்லது, எல்லாவற்றுக்கும் உணரி மேல் பழி போட்டுவிடக் கூடாது.

காந்தம்: நெஞ்சுக்கு நேரே நெருங்கி வந்தால் மெஷின் இதயத்தின் சொந்தத் துடிப்பைக் கவனிப்பதை விட்டுவிட்டு ஒரே நிலையான வேகத்தில் அடிக்கத் தொடங்கும். நின்றுவிடாது. விலகினால் பழையபடி வந்துவிடும். அதற்காக, கழற்றிய காந்தத்தைச் சின்னப் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி மார்போடு அணைத்துத் தூக்கிப் போகிற வேலை இனி உங்களுக்கு வேண்டாம், வேறு ஆளிடம் கொடுங்கள். ஜெனரேட்டரின் பக்கத்தில் நிற்கலாம், ஓடுகிற எஞ்சினின் ஸ்பார்க் பிளக் பக்கம் மட்டும் நெஞ்சைக் கொண்டுபோகக் கூடாது, ஒரு அடியாவது தள்ளி இருங்கள்.

வெல்டிங்தான் யோசிக்க வேண்டியது. அது எழுப்புகிற மின் இரைச்சலை இதயத் துடிப்பு என்று மெஷின் தவறாக எடுத்துக்கொண்டால், தான் அடிக்க வேண்டியதை அடிக்காமல் பேசாமல் இருந்துவிடும். மற்றவர்களுக்கு ரெண்டு துடிப்பு போனாலும் இதயம் தானே சமாளிக்கும். முழு அடைப்பு உள்ள உங்களுக்கு அது மயக்கம். மெஷின் செய்கிற கம்பெனிகள் 160 ஆம்பியருக்குள், பற்றவைக்கிற தீப்பொறி நெஞ்சிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி, கேபிளைத் தோளில் சுற்றாமல், எர்த் கிளிப்பைப் பற்றவைக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே போட்டு, ஈரம் இல்லாத கையுறையோடு என்றெல்லாம் நிபந்தனை போட்டு அனுமதிப்பது உண்டு. உங்களைப் பார்க்கிற டொக்டர் சம்மதிக்காமல் தொடவே வேண்டாம்.

வயர்மேன் (தலவாக்கலை)

மேலே எழுதியவர் சொன்னதெல்லாம் சரி, கடைசி நிபந்தனைகளில் எனக்கு உடன்பாடு இல்லை. தோட்டத்து ஸ்டோர் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது போல. ஈரம் இல்லாத கையுறையா? ஜூனில் தென்மேற்கு மழை இறங்கினால் தரை, சுவர், சட்டை எல்லாம் நசநச என்று இருக்கும். எர்த் கிளிப்பை இங்கே மாட்டிவிட்டு அந்தப் பக்கம் ட்ரையருக்குள் தலையை விட்டுப் பற்றவைத்தவர்களை நானே பார்த்திருக்கிறேன், நானும் செய்திருக்கிறேன். தாளில் 60 சென்டிமீட்டர் என்று இருக்கும், இடுக்கில் படுத்துக்கொண்டு செய்யும்போது யார் அடிக்கோல் வைத்து அளக்கிறது. அண்ணே, வெல்டிங்கை விட்டுவிடுங்கள். பெல்ட், பேரிங், கிரீஸ், ரோலர் செட்டிங் என்று 22 வருசம் கையில் இருக்கிறதே, அதைச் சொல்லி ஒரு பையனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை கேளுங்கள். மெயினை அணைத்து, பூட்டு, எச்சரிக்கை அட்டை எல்லாம் போட்ட பிறகுதான் பேனலைத் திறக்கிறது என்பது எல்லாருக்கும் உள்ளதுதான், உங்களுக்கு ரெண்டு மடங்கு.

ஹட்டனிலிருந்து தோஹா

பயணத்தைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை, நான் எழுதுகிறேன். அஞ்சு வருசமாக மெஷினோடு போய் வருகிறேன், ஹோட்டல் கிச்சன் வேலை.

கட்டுநாயக்கா ஏர்போர்ட்டில் உள்ளே நுழையும்போது ஒரு தரம், விமானத்துக்குப் போகிற கேட் பக்கம் ஒரு தரம் சோதனை. அட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அந்தச் சோதனைக் கேட்டுக்குள் சாதாரணமாக நடந்து போனால் ஒன்றும் ஆகாது, அதில் சாய்ந்துகொண்டு நிற்காமல் இருந்தால் போதும். மணி அடிக்கலாம், அடித்தால் அடிக்கட்டும். கையில் பிடிக்கிற கருவியை நெஞ்சு மேலேயே வைத்துக்கொண்டிருக்க வேண்டாம் என்று சொல்லுங்கள், கையால் தடவிச் சோதித்துவிடுவார்கள். "பேஸ்மேக்கர்" என்ற சொல் சிங்களம், தமிழ், ஆங்கிலம் எதில் சொன்னாலும் ஒன்றுதான், அதனால் மொழிக் கவலையும் இல்லை. அட்டையைப் போட்டோ எடுத்து வீட்டுக்காரி போனிலும் வைத்துவிடுங்கள்.

உயரத்தில் பறந்தால் என்னவோ ஆகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விமானத்துக்குள் காற்றழுத்தம், மிஞ்சி மிஞ்சிப் போனால், 2,400 மீட்டர் மலையில் நிற்கிற மாதிரி இருக்கும். நுவரெலியாவே 1,868 மீட்டர். நம் ஆட்களுக்கு இதெல்லாம் ஒரு உயரமா!

போனை இடது சட்டைப் பையில் வைக்காதீர்கள், ஒரு சாண் தள்ளியே இருக்கட்டும், வலது காதில் வைத்துப் பேசுங்கள். பின்பக்கம் காந்தம் உள்ள போன்கள் இப்போது வருகின்றன, அதில் கூடுதல் கவனம். காரில் முன் சீட் என்றால் பெல்ட் உறுத்துகிறது என்று கழற்றாதீர்கள், நடுவில் ஒரு துவாயை மடித்து வையுங்கள்.

கொழும்பில் டொக்டர் ஒருவர் எனக்குச் சொன்ன கதையும் சொல்லிவிடுகிறேன். உலகத்தில் முதல் முதலாக உடம்புக்குள் பேஸ்மேக்கர் வைத்தது 1958இல், சுவீடனில், ஆர்னே லார்சன் என்பவருக்கு, உங்களுக்கு வந்த அதே அடைப்பு. முதல் மெஷின் சில மணி நேரத்திலேயே பழுதாகிவிட்டது. ஆனால் மனிதர் ஒன்று போனால் ஒன்றாக 26 மெஷின் மாற்றி 2001 வரை, 86 வயது வரை இருந்தார். இப்போது ஒரு பேட்டரியே எட்டு, பத்து வருசம் ஓடுகிறது.

ஸ்டோர்க்காரன் (மஸ்கெலியா பக்கம்)

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும், இடையில் மழைக்கு இங்கே சிக்னலே இல்லை.

அட்டையில் வி.வி.ஐ.ஆர் என்றுதான் இருக்கிறது. முதல் பஸ்ஸில் கினிகத்தேனை, நாவலப்பிட்டி வழியாகக் கண்டிக்குப் போய், சொல்லித் தந்தபடியே கேட்டேன். ஆஸ்பத்திரிப் படியில் ரெண்டு தரம் ஏறி இறங்க வைத்தார்கள். ஏறி முடிக்கும்போது நாடி 68, இறங்கி வந்தபோது 110. மெஷினைச் செக் பண்ணின பிள்ளையே சிரித்துவிட்டது. பத்து நிமிசத்தில் என்னவோ மாற்றினார்கள், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. எக்கோவும் எடுத்தார்கள், பம்ப் நன்றாக இருக்கிறதாம். இப்போது 140 படியும் ஒரே ஒரு இடத்தில் நின்றால் போதும், அந்தக் கொய்யா மரத்துக்குக் கீழே. இறங்கும்போது படபடப்பு முழுசாகப் போகவில்லை, குறைந்திருக்கிறது. அக்கா, அடுத்த கிளினிக்கில் நீங்களும் கேளுங்கள்.

கடிதம் வாங்கியாச்சு. வெல்டிங் இல்லை, காந்தம் இல்லை, மற்றது செய்யலாம் என்று எழுதியிருக்கிறது. ஸ்டோரில் கொடுத்தேன், வாங்கி மேசையில் வைத்துக்கொண்டு அடுத்த மாதம் பார்க்கலாம் என்கிறார்கள். யூனியன் ஆளோடு திங்கட்கிழமை மறுபடி போகிறேன்.

திருச்சிக்கு டிக்கட் போட்டாச்சு. வீட்டுக்காரி இப்போது அழவில்லை, ஏர்போர்ட்டில் அந்தக் கேட்டுக்குள் முதலில் தான்தான் போவேன் என்கிறாள்.