மைக் கேபிளில் கனெக்டரை மட்டும் மாற்றினால் போதுமா?

முத்துநகர்வாசி:
எல்லாருக்கும் வணக்கம். தூத்துக்குடியில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. மாடி அறையில்தான் ரெக்கார்டிங். ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி), ஒரு கண்டன்சர் மைக், ஒரு ஜோடி மானிட்டர் ஸ்பீக்கர், அவ்வளவுதான். நாலு வருஷமாக எங்கள் ஆச்சி பாடும் தாலாட்டு, நடவுப் பாட்டுகளைப் பதிந்து வருகிறேன். ஆச்சிக்கு 84 வயது.

போன ஞாயிற்றுக்கிழமை நான் இதுவரை கேட்டிராத ஒரு தாலாட்டைப் பாடினார். மூன்றாவது அடி வரும்போது 'டப்' என்று ஒரு சத்தம். இரண்டு விநாடி ஒன்றுமே இல்லை. அப்புறம் கரகரவென்று குரல் திரும்பி வந்தது. மறுபடி பாடச் சொன்னால், "இப்ப நெனவுல வரமாட்டேங்கு ராசா" என்கிறார்.

மைக்கோடு இலவசமாக வந்த 5 மீட்டர் எக்ஸ்எல்ஆர் (மூன்று பின் உள்ள மைக்) கேபிள் அது. இன்டர்ஃபேஸில் செருகும் முனையைத் தொட்டாலே கரகரக்கிறது. கடையில் கேட்டால், தங்க முலாம் பூசிய கனெக்டர் போடுங்கள், குரலே தெளிவாகிவிடும் என்கிறார்கள். உண்மையா? லேப்டாப் சார்ஜரைப் போட்டால் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சலும் வருகிறது. அதுவும் இதனால்தானா? சால்டரிங் கொஞ்சம் தெரியும், கை பழக்கம் குறைவு.

கோவை_கிதார்:
என்னைக் கேட்டால் புதுக் கேபிள் வாங்கிவிடுங்கள். இலவசக் கேபிளில் வயரே மெல்லிசாக இருக்கும், அதில் நல்ல கனெக்டர் போட்டு என்ன பயன்?

மேடைஒலி_மதுரை:
தம்பி, பாட்டு நடுவில் அறுந்துபோனது எனக்கே மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. 22 வருஷம் கச்சேரிக்கும் கோயில் திருவிழாவுக்கும் மைக் கேபிள் பற்றவைத்தவன் நான். நீங்கள் சொன்ன அந்த 'டப்'பிலேயே பாதி விடை இருக்கிறது. கண்டன்சர் மைக்குக்கு வேண்டிய 48 வோல்ட், அதாவது பாண்டம் பவர், இரண்டாம் மூன்றாம் பின் வழியாகச் சமமாகப் போகிறது, ஒன்றாம் பின்னில் இருக்கும் ஷீல்டு (வயர்களைச் சுற்றியிருக்கும் உலோக இழை உறை) வழியாகத் திரும்புகிறது. ஷீல்டு ஒரு நொடி விட்டுப்போனாலும் மைக் அணைந்து, மறுபடி உயிர் வர நேரமாகும். அந்த இரண்டு விநாடி அதுதான் என்று நினைக்கிறேன். இந்த மின்சாரம் தேவைப்படாத டைனமிக் மைக்காக இருந்திருந்தால் இரைச்சலோடாவது பாட்டு கிடைத்திருக்கும்.

எதையும் வாங்கும் முன் அந்த முனையைத் திறந்து பாருங்கள். பாண்டம் பவரை அணைத்துவிட்டுக் கழற்றுங்கள். மலிவான கேபிள்களில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஒன்றுதான்: உள்ளே இருக்கும் கிளாம்ப் கேபிளின் மேல்தோலைப் பிடித்திருக்காது. இழுக்கும் இழுப்பெல்லாம் துளி ஈயத்தில் போய் விழும். உங்கள் ஊர் உப்புக் காற்றுக்குப் பச்சையும் பூத்திருக்கலாம். பச்சையோ கருப்போ தெரிந்தால், செம்பு பளிச்சென்று வரும் வரை வெட்டித் தள்ளுங்கள். ஒரு அடி வெட்டியும் கருப்பாகவே இருந்தால், கோவைத் தம்பி சொன்னதுபோல் கேபிளையே மாற்றிவிடுங்கள்.

தங்கம் குரலைத் தெளிவாக்காது. அது துருப்பிடிக்காது, அதுதான் அதன் குணம். கடலோரத்தில் இருப்பவர்கள் அந்தக் காரணத்துக்காக வாங்கலாம். நான் போடுவது நியூட்ரிக் கம்பெனியின் என்சி3எம்எக்ஸ்எக்ஸ், என்சி3எஃப்எக்ஸ்எக்ஸ் ஜோடி. சாதா மாடலில் பின்களுக்கு வெள்ளி முலாம். பெயர் 'பி' என்று முடியும் கருப்பு மாடலில் தங்கம். 'பிஏஜி' என்று முடிந்தால் வெளியே மட்டும்தான் கருப்பு, பின்னில் வெள்ளிதான். கடையில் கவனித்து வாங்குங்கள். பின்மூடியைத் திருகத் திருக உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பிடி கேபிளை இறுக்கும், திருகாணியே கிடையாது. எனக்கு முலாமைவிட இந்தப் பிடிதான் முக்கியம்.

பற்றவைக்கும் முன் பின்மூடியைக் கேபிளில் கோத்துவிடுங்கள். கனெக்டரை எதிர் ஜோடியில் செருகி வைத்துக்கொண்டால் சூட்டில் பிளாஸ்டிக் இளகினாலும் பின் சாயாது. வயர் நுனியிலும் பின்னின் குழியிலும் முதலில் ஈயம் ஏற்றுங்கள், அப்புறம் இரண்டையும் சேர்த்தால் இரண்டு மூன்று விநாடியில் பிடித்துக்கொள்ளும். பின் நம்பர் பொடி எழுத்தில் இருக்கும், டார்ச் அடித்துப் பாருங்கள். ஷீல்டு ஒன்றில். மற்ற இரண்டு நிறங்களும் மறுமுனையில் எந்தப் பின்னில் இருக்கின்றனவோ அதே பின்னில். சில மாடல்களில் நாலாவதாக ஒரு காது இருக்கும், கனெக்டரின் உலோக உடலுக்கானது. மைக் கேபிளில் அதைத் தொட வேண்டாம்.

முடிந்ததும் மல்டிமீட்டரை பஸ்ஸரில் (இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும்) வைத்து, ஒன்றுக்கு ஒன்று, இரண்டுக்கு இரண்டு, மூன்றுக்கு மூன்று பாருங்கள். பீப் கேட்கும்போதே கேபிளை முனையில் வளைத்து ஆட்டுங்கள். விட்டு விட்டுக் கேட்டால் வேலை முடியவில்லை.

சார்ஜர் இரைச்சல் வேறு கதை, மைக் கனெக்டரை மாற்றினால் போகாது. அது பெரும்பாலும் எர்த் லூப், கருவிகளின் எர்த் இணைப்புகள் ஒரு வளையமாகி இரைச்சல் தருவது. இன்டர்ஃபேஸுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் டிஎஸ் கேபிள் (பிளக்கில் நுனி, உடல் மட்டும்) இருந்தால் டிஆர்எஸ் (நடுவில் ஒரு வளையமும் உண்டு) போடுங்கள், இரண்டு பக்கமும் பேலன்ஸ்டாக, அதாவது சிக்னலை இரண்டு வயரில் எடுத்து இரைச்சலைக் கழிக்கும் வகையாக இருக்க வேண்டும். பதியும்போது லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டுங்கள். யார் சொன்னாலும் மூன்று பின் பிளக்கின் எர்த்தை மட்டும் கழற்றாதீர்கள், உயிர் விஷயம்.

அந்த அறுந்த பதிவை அழித்துவிடாதீர்கள். ஆச்சிக்கே போட்டுக் காட்டுங்கள்.

முத்துநகர்வாசி:
அண்ணாச்சி, திறந்து பார்த்தேன். ஷீல்டு இழைகளில் நாலைந்துதான் பின்னில் ஒட்டிக்கொண்டிருந்தன, மிச்சமெல்லாம் பச்சைப் பொடியாக விரலோடு வந்துவிட்டது. கிளாம்ப் மேல்தோலைத் தொடவே இல்லை. ஏழு அங்குலம் வெட்டிய பிறகு நல்ல செம்பு வந்தது. இரண்டு முனையிலும் 'பி' மாடல் போட்டுவிட்டேன். முதல் தடவை மூன்றாம் பின்னில் ஈயம் உருண்டையாக நின்றது, ஆட்டியதும் பீப் விட்டுவிட்டு வந்தது. மறுபடி சூடேற்றிச் சரிசெய்தேன்.

நேற்று மாலை ஆச்சிக்கு ஹெட்போனை மாட்டிப் பதிவைப் போட்டேன். சத்தம் அறுந்த இடத்தில் அவராகவே ஒரு அடியைப் பாடினார். அன்றைக்குப் பாடியது அதுதானா என்று கேட்டேன். "அப்பிடியும் பாடுவோம், இப்பிடியும் பாடுவோம்" என்று சொல்லிவிட்டு, இன்னொரு மாதிரியும் பாடிக் காட்டினார். புதுக் கனெக்டரோடு இரண்டையும் பதிந்துவிட்டேன். ஒரு கரகரப்பும் இல்லை.

ஸ்பீக்கருக்கு டிஆர்எஸ் கேபிளை அடுத்த மாதம் நானே செய்யலாம் என்றிருக்கிறேன். நுனி, வளையம், உடல்: இதில் ஷீல்டு உடலில்தானே, அண்ணாச்சி?

மேடைஒலி_மதுரை:
ஆமாம், உடலில். இரண்டு முனையிலும் நுனிக்கு ஒரே நிறம் வரட்டும். அந்தப் பதிவுகளை இன்னொரு ஹார்டு டிஸ்கிலும் இன்றைக்கே எடுத்து வையுங்கள்.