சவுண்ட்ஃபான்ட் சவுண்டு கார்டுல ஏறவே மாட்டேங்குது, அவசரம்

குழல்பித்தன்:
புல்லாங்குழல் பதிவு பண்ணி எஸ்எஃப்2 ஃபைலா (சவுண்ட்ஃபான்ட், அதாவது சவுண்டு கார்டு வாசிக்கற வாத்திய ஒலித் தொகுப்பு) ஆக்கிட்டேன். லோடு பண்ணினா ஏதோ மெசேஜ் வருது, ஓகே குடுத்தா போயிடுது. வாசிச்சுப் பார்த்தா என் குழல் இல்ல. நாளைக்குள்ள முடிக்கணும், யாராவது சொல்லுங்களேன்.

அலையோசை:
எந்த கார்டு? மெசேஜ்ல என்ன எழுதியிருந்துச்சு? லைவ், ஆடிஜி மாதிரி பிசிஐ கார்டுன்னா சவுண்ட்ஃபான்ட் கம்ப்யூட்டரோட ராம்லயே உக்காந்துக்கும். ஏடபிள்யூஇ வகை ஐஎஸ்ஏ (பழைய ஸ்லாட் வகை) கார்டுன்னா கார்டு மேல இருக்கற மெமரியிலதான் ஏறணும். ரெண்டுக்கும் பார்க்க வேண்டிய இடமே வேற.

ஜம்பர்:
ஐஆர்க்யூ (கார்டு ப்ராசஸரைக் கூப்பிடற எண்) மோதலாத்தான் இருக்கும். டிவைஸ் மேனேஜர்ல போய் 5-ஐ 7 ஆக்கிப் பாருங்க ப்ரோ.

வேவ்டேபிள்:
ஜம்பர், எதற்கெடுத்தாலும் ஐஆர்க்யூ என்று சொல்வதை நிறுத்துங்கள். ஏடபிள்யூஇ கார்டுகளில் ஒலி தரும் இஎம்யூ8000 சிப் ஐஆர்க்யூவைப் பயன்படுத்துவதே இல்லை. அதற்கு வேண்டியவை 620, ஏ20, இ20 என்ற மூன்று போர்ட் முகவரிகள் (ப்ராசஸர் சிப்போடு பேசும் இடங்கள்). அவை மோதினால் கார்டின் சொந்த ரோம் ஒலிகூட (கார்டிலேயே நிரந்தரமாகப் பதிந்து வந்த ஒலி) ஒழுங்காக வராது.

குழல்பித்தன், கார்டு, ஆப்பரேட்டிங் சிஸ்டம், ஃபைல் அளவு, பேங்க் எண் (ஒலிகளை அடுக்கும் தொகுதியின் எண்), சீக்வென்சர் (சுரக் கட்டளைகளை கார்டுக்கு அனுப்பும் மென்பொருள்). இந்த ஐந்தையும் எழுதாமல் உதவி கேட்கக் கூடாது என்று ஒவ்வொரு இழையிலும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

குழல்பித்தன்:
மன்னிக்கணும் சார். ஏடபிள்யூஇ32, விண்டோஸ் 98, கேக்வாக். 6 சுரம், ஒவ்வொண்ணும் 4 செகண்டு, சிடி தரம், ஸ்டீரியோ. மெசேஜ் மெமரி போதலன்னு வருது. ஆனா கம்ப்யூட்டர்ல 128 எம்பி இருக்கே?

சிம்ஸ்லாட்:
அந்த 128 இந்த கார்டுக்கு உதவாது. கணக்கு போட்டுப் பாருங்க. ஸ்டீரியோ 16 பிட் 44.1 கிலோஹெர்ட்ஸ்ல ஒரு செகண்டுக்கு 1,76,400 பைட். 4 செகண்டு, 6 சுரம்னா 42,33,600 பைட். கார்டு மேல இருக்கறது 512 கேபி, அதாவது 5,24,288 பைட். எட்டு மடங்கு பெருசா இருக்கறதை உள்ள திணிக்கப் பார்க்கறீங்க.

30 பின் சிம் மெமரி (கார்டுல செருகற பழைய வகை ராம் பலகை) போடுங்க, பிரச்சினை தீர்ந்துது. ஒரே அளவுல ரெண்டு, ஜோடியாத்தான் போடணும், ஒண்ணு மட்டும் போட்டா எடுக்காது. 80 நானோசெகண்டு அல்லது அதைவிட வேகமானது. ரெண்டு 4 எம்பி போட்டா 8 எம்பி. ரெண்டு 16 போட்டாலும் 28 எம்பிதான் கிடைக்கும், மிச்ச 4 எம்பி இடம் ரோமுக்குன்னு ஒதுக்கினது. கார்டு மேல இருக்கற ஜம்பரை (பின்களை இணைக்கற குட்டி மூடி) மாத்த மறக்காதீங்க. சிம் போட்டதும் பழைய 512 கேபி கணக்குல வராது. வேல்யூ மாடல்னா சிம் ஸ்லாட்டே இருக்காது, முதல்ல கார்டைப் பாருங்க.

அலையோசை:
நாளைக்குள்ள வேணும்கிறவர் சிம்முக்கு எங்க போவார்? ஃபைலைச் சுருக்கினாலே போதும்.

முதல்ல மோனோ ஆக்குங்க. எஸ்எஃப்2-ல ஸ்டீரியோங்கறது ரெண்டு மோனோ சாம்பிளை (பதிவுத் துண்டை) ஜோடி சேர்க்கறதுதான், இடமும் ரெண்டு மடங்கு, வாய்ஸும் (ஒரே நேரத்துல ஒலிக்கற குரல்) ரெண்டு மடங்கு. ஒத்தைக் குழலுக்கு அது தேவையில்லை. அப்புறம் 32 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்குங்க: செகண்டுக்கு 64,000 பைட். 4 சுரம், ஒவ்வொண்ணும் 1.5 செகண்டு, மொத்தம் 3,84,000. தாராளமா அடங்கும்.

சுரங்களை மிடி எண் (ஒவ்வொரு சுரத்துக்கும் உள்ள எண்) 63, 69, 75, 81-ல எடுங்க. கீ எல்லை 60–65, 66–71, 72–77, 78–84. எந்தச் சாம்பிளும் 3 அரைச்சுரத்துக்கு மேல இழுபடாது. ரூட் கீயை (சாம்பிள் எந்தச் சுரத்துல எடுத்ததுன்னு சொல்ற எண்) மறக்காம மாத்துங்க. 69-ல எடுத்த சாம்பிளுக்கு ரூட் 60-னு விட்டுட்டா எல்லாமே 9 அரைச்சுரம் மேல ஏறிக் கேக்கும்.

4 செகண்டு நீளமெல்லாம் வேண்டாம், லூப் (ஒரு துண்டைத் திரும்பத் திரும்ப ஓட விடறது) போடுங்க. லூப் நீளம் முழு அலைகளா இருக்கணும், இல்லன்னா டிக் டிக்னு கேக்கும். 32 கிலோஹெர்ட்ஸ்ல 440 ஹெர்ட்ஸுக்கு, அதாவது 69-க்கு, 11 அலை சரியா 800 சாம்பிள் (இங்க சாம்பிள்னா செகண்டுக்கு 32,000 வர்ற அளவுப் புள்ளி). 81-க்கு அதே 800-ல 22 அலை. 63-க்கு 7 அலை 720 சாம்பிள், 75-க்கு 14 அலை அதே 720. பதிவு சுருதி சுத்தமா இருந்தாத்தான் இந்தக் கணக்கு நிக்கும். நிஜக் குழல்ல கொஞ்சம் ஏற இறங்க இருக்கும், அளந்து பார்த்துட்டுப் போடுங்க. ரேட்டை மாத்தின பிறகு லூப் குறியுங்க.

சுதிசேர்:
800 சாம்பிள்னா 25 மில்லிசெகண்டு. குழல் ஆர்கன் மாதிரி உறைஞ்சு போயிடும் அண்ணா. அசைவு (சுரம் லேசா நடுங்கறது) உள்ளே வர்ற மாதிரி நீள லூப் போடணும். செகண்டுக்கு 5 தடவை அசையுதுன்னா ஒரு அசைவு 6,400 சாம்பிள், 440-க்கு அது சரியா 88 அலை. மூச்சுக் காத்தும் கூடவே உயிரோட இருக்கும்.

வேவ்டேபிள்:
சாம்பிளுக்குள் அசைவை வைத்தால் சுரம் ஏறும்போது அசைவின் வேகமும் ஏறும். 3 அரைச்சுரம் மேலே போனால் ஏறக்குறைய 19 சதவீதம்; 5 என்பது 6-ஐத் தொடும். கீழே போனால் தளர்ந்துவிடும். 71-ல் ஒரு வேகம், 72-ல் வேறு வேகம் என்று எல்லை அப்பட்டமாகக் கேட்கும். இஎம்யூ8000-ல் அசைவுக்கென்றே தனி எல்எஃப்ஓ (மெதுவாக ஏறி இறங்கும் அலையை உண்டாக்கும் பகுதி) இருக்கிறது. குட்டி லூப் போட்டு, அந்த எல்எஃப்ஓவை 5 ஹெர்ட்ஸ், 12 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்), 0.4 செகண்டு தாமதம் என்று வைத்தால் எல்லாச் சுரத்திலும் ஒரே வேகம் கிடைக்கும். இது அடிப்படை.

சுதிசேர்:
எல்எஃப்ஓ சுருதியை மட்டும்தான் அசைக்கும். குழல்ல அசைவு வரும்போது சத்தமும் நிறமும் சேர்ந்தே மாறும். அதை விட்டுட்டு சென்ட் கணக்கு பார்த்தா குழல் எங்க இருக்கு?

வேவ்டேபிள்:
சிப்பில் இன்னொரு எல்எஃப்ஓவும் உண்டு; அந்த முதல் எல்எஃப்ஓவை ஒலி அளவுக்கும் ஃபில்டருக்கும் திருப்பலாம். கையேட்டில் இருக்கிறது, படியுங்கள்.

அலையோசை:
ரெண்டு எல்எஃப்ஓவும் ஒரே நேரத்துல தொடங்கினாலும் வேகத்துல துளி வித்தியாசம் இருந்தா விலகிப் போயிடும், அதனால ரெண்டுக்கும் ஒரே எண்ணைக் குடுக்கணும். சுதிசேர் சொல்றதும் தப்பில்ல, எல்லை ரெண்டு பக்கமும் 1 அரைச்சுரம்னு குறுக்கினா நீள லூப் நல்லாத்தான் இருக்கும். ஆனா 512 கேபியில அத்தனை சாம்பிள் வைக்க இடமில்ல.

சிம்ஸ்லாட்:
அதனாலதான் சிம் போடச் சொன்னேன்.

குழல்பித்தன்:
32-க்கு இறக்கி மோனோ ஆக்கி 4 சுரம் வச்சேன். மெசேஜ் இப்ப வரல, லோடு ஆயிடுச்சு. ஆனா கேக்கறது என் குழல் இல்ல, கார்டுல ஏற்கனவே இருக்கற குழல்தான்!! பேங்க் 1, ப்ரோக்ராம் (பேங்குக்குள்ள வாத்திய எண்) 73-ல வச்சிருக்கேன். கேக்வாக்லயும் பேங்க் 1-னுதான் போட்டிருக்கேன்.

ஜம்பர்:
ட்ரைவரை எடுத்துட்டு திரும்பப் போடுங்க ப்ரோ.

அலையோசை:
ட்ரைவரைத் தொடாதீங்க. கேக்வாக்ல பேங்க் முறை நார்மல்னு இருந்தா அது பேங்க் எண்ணை ரெண்டா உடைச்சு அனுப்பும்: 128-ஆல வகுத்த ஈவு கன்ட்ரோலர் 0-க்கு, மீதி கன்ட்ரோலர் 32-க்கு (கன்ட்ரோலர்னா மிடியில எண் போட்டு அனுப்பற கட்டளை). நீங்க 1-னு போட்டா கன்ட்ரோலர் 0-ல 0, கன்ட்ரோலர் 32-ல 1 போகும். கார்டு பார்க்கறது கன்ட்ரோலர் 0-ஐ மட்டும். அதுல 0 இருந்தா பேங்க் 0, அதாவது ரோம். அங்க 73-ல இருக்கறதும் குழல்தான், அதனாலதான் உங்க ஒலியே கெட்டுப் போன மாதிரி குழம்பறீங்க.

பேங்க் 128-னு போடுங்க. இல்ல முறையை கன்ட்ரோலர் 0-னு மாத்தி 1-ஐ அப்படியே விடுங்க. பேங்க் மாத்தம் தனியா போனா ஒண்ணும் நடக்காது, பின்னாலயே ப்ரோக்ராம் மாத்தமும் போகணும். சோதிக்கறப்ப ப்ரோக்ராம் 73-ஐ விட்டுட்டு ப்ரோக்ராம் 0-ல வச்சுப் பாருங்க. பியானோ கேட்டா ரோம், குழல் கேட்டா உங்களோடது.

வேவ்டேபிள்:
சரியான பதில். பேங்க் எண்ணை முதலிலேயே கேட்டிருந்தேன், அன்றே எழுதியிருந்தால் அன்றே முடிந்திருக்கும். 73, 74 குழப்பத்தையும் கவனியுங்கள். சில மென்பொருள் 0-லிருந்து எண்ணும், சில 1-லிருந்து. கம்ப்யூட்டரை அணைத்தால் கார்டு மெமரி காலியாகிவிடும், மறுபடி லோடு செய்ய வேண்டும்.

குழல்பித்தன்:
128 போட்டேன், வந்துடுச்சு! நன்றி எல்லாருக்கும். 75-ல மட்டும் லேசா டிக் கேக்குது.

அலையோசை:
75-ஓட நிஜ சுருதி என்ன வருது? 622.25 ஹெர்ட்ஸ்ல இருந்து எத்தனை சென்ட் தள்ளி இருக்குன்னு சொன்னா லூப் நீளம் கணக்குப் போட்டுத் தர்றேன்.

சுதிசேர்:
எல்எஃப்ஓ போட்டீங்களா, நீள லூப்பா?