கோரைக்கிழங்கு: உங்கள் வீட்டில் எப்படிப் பயன்படுத்தினீர்கள்?

எங்கள் ஊர் மன்னார்குடி பக்கம். உளுந்துக் கொல்லையில் கோரை தலைகாட்டினாலே அப்பாவுக்குக் கவலை வந்துவிடும். பிடுங்கினால் புல் மட்டும்தான் கையோடு வரும். கிழங்கு மண்ணுக்குள்ளேயே நின்று, சில நாளில் மறுபடி முளைக்கும். அப்பாயி மட்டும் மண்வெட்டி கிளறிப்போட்ட இடத்தில் குனிந்து கிழங்கு பொறுக்குவார்.

மண் போகக் கழுவி, நன்றாக வெயிலில் காயவைத்து, தணலில் லேசாகப் புரட்டுவார். மேலே சுற்றியிருக்கும் நார் பொசுங்கிவிடும். அப்புறம் சாக்கில் போட்டுத் தேய்த்தால் கறுத்த, கெட்டியான கிழங்கு கிடைக்கும். உடைத்தால் மண்வாசனையோடு கற்பூரம் கலந்த மாதிரி ஒரு மணம் வர வேண்டும். மணம் இல்லாத கிழங்கை அப்பாயி எடுக்கவே மாட்டார். நாட்டு மருந்துக் கடையில் முத்தக்காசு என்று கேட்டு வாங்கும்போது நானும் முதலில் முகர்ந்துதான் பார்க்கிறேன்.

வயிறு உப்பி, சாப்பாடு செரிக்காமல், கூடவே கழிசலும் இருந்தால் எங்கள் வீட்டில் இதுதான் கஷாயம். இடித்த கிழங்கு ஒரு தேக்கரண்டி, சின்னத் துண்டு சுக்கு, இரண்டு டம்ளர் தண்ணீர். அரை டம்ளராகச் சுண்டியதும் வடிகட்டிக் குடிக்க வேண்டும். கைப்பும் துவர்ப்புமாக இருக்கும். எனக்குப் பலமுறை கேட்டிருக்கிறது. மலச்சிக்கல்காரர்களுக்கு அப்பாயி இதைத் தர மாட்டார், இன்னும் இறுக்கிவிடும் என்பார்.

குழந்தைகள் விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாக இருக்கிறேன். என் மகனுக்கு வயிற்றால் போனபோது முதலில் கொடுத்தது உப்பு-சர்க்கரைக் கரைசல். நீர்ச்சத்து இறங்கிவிட்டால் எந்தக் கிழங்கும் காப்பாற்றாது. இரத்தம் கலந்து போனாலோ, குழந்தை சோர்ந்து கிடந்தாலோ உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

---

அக்கா, நான் சித்த மருத்துவம் படிக்கிறேன். இந்தக் கிழங்கைத் தெரியாது என்று சொல்பவர்கள்கூட இதைக் குடித்திருப்பார்கள். 2012-இல் டெங்கு பரவியபோது ஊர் ஊராகக் கொடுத்த நிலவேம்புக் குடிநீரில் ஒன்பது சரக்குகள் உண்டு: நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், பற்படாகம், சுக்கு, மிளகு, கோரைக்கிழங்கு. ஆயுர்வேதத்தில் காய்ச்சல் தாகத்துக்குக் கொடுக்கும் ஷடங்க பானீயத்திலும் இது இருக்கிறது. அங்கே பெயர் முஸ்தா. சீன மருத்துவத்தில் மாதவிடாய் வலிக்கு இதைத்தான் முக்கியமாகச் சேர்க்கிறார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்த செய்தி சூடானிலிருந்து வந்தது. அங்கே அல் கிடாய் என்ற இடத்தில் புதைக்கப்பட்டிருந்த பழங்கால மனிதர்களின் பற்காரையை, அதாவது பல்லில் படிந்து இறுகிப்போன அழுக்கை ஆராய்ந்து, அவர்கள் கோரைக்கிழங்கு தின்றிருக்கிறார்கள் என்று 2014-இல் வெளியிட்டார்கள். அவர்களில் சொத்தைப்பல் குறைவாக இருந்ததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. வேளாண்மைக்கு முன்பிருந்தே மனிதர்கள் இதைத் தோண்டித் தின்றிருக்கிறார்கள் என்று நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கிறது.

கர்ப்பிணிகள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் உள்ளுக்கு எடுக்க வேண்டாம்.

---

நான் ஈரோடு பக்கம், மஞ்சள் விவசாயம். நீங்கள் எல்லோரும் மருந்து என்கிறீர்கள், சந்தோஷம். ஆனால் எங்கள் மஞ்சள் காட்டுக்குள் இது வந்தால் போகாதுங்க. ரோட்டவேட்டர் ஓட்டினால் சங்கிலி மாதிரி கோத்திருக்கும் கிழங்கு துண்டு துண்டாகிக் காடு முழுக்கப் பரவும். கோடை உழவு போட்டுக் கிழங்கை மேலே புரட்டி, வெயிலில் காயவிட்டால்தான் கொஞ்சம் அடங்கும். நிழல் விழுந்தாலும் இதற்கு ஆகாது.

ஒன்றை மறக்காமல் கவனியுங்கள். கோரையை ஒழிக்கத்தான் பலரும் களைக்கொல்லி அடிக்கிறார்கள். அந்த மருந்து இலை வழியாக இறங்கிக் கிழங்குக்கே போய்ச் சேரும் வகை. அடித்த காடா, அடிக்காத காடா என்று விசாரிக்காமல் கிழங்கு எடுக்காதீர்கள். சாக்கடை ஓரத்தில் முளைத்ததும் வேண்டாம்.

---

ஈரோட்டு அண்ணன் சொன்னது ரொம்ப முக்கியம். நான் நலங்கு மாவுக்காகத்தான் வாங்குகிறேன். பாசிப்பயறு, கிச்சிலிக்கிழங்கு, கார்போகரிசி, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், கோரைக்கிழங்கு சேர்த்து மில்லில் அரைத்து, இரண்டு முறை சலித்து வைத்துக்கொள்வேன். கோடையில் என் பெண்ணுக்கு வேர்க்குரு வரும்போது சோப்பை நிறுத்திவிட்டு இதைத்தான் தேய்க்கிறோம், அரிப்பு குறைகிறது. கிழங்கைத் தனியாக இடித்த பிறகு மில்லுக்குக் கொண்டுபோங்கள். முழுசாகப் போட்டால் சரியாக அரைபடாமல் நொய்யாக நின்று குழந்தைகள் தோலில் கீறும்.