வேட்டை நாயோடு வளர்ந்தவர்கள்: கரிசல் முதல் ஊட்டி வரை சில அனுபவங்கள்

கோவில்பட்டி பக்கத்துக்காரர்

முயல் வேட்டை என்றாலே கறிக்காக அலைவது என்று எண்ணுகிறவர்களுக்காக இதைத் தொடங்குகிறேன். கறிதான் வேண்டுமென்றால் கண்ணி வைத்தால் போதும். இரவில் விளக்கடித்து முயலின் கண்ணைக் கூசவைத்தாலும் போதும். இரண்டுக்கும் நாய் தேவையில்லை. அப்படிப் பிடிக்கிறவர்களை என் தாத்தாவும் அவருடைய பங்காளிகளும் மதிக்கவே மாட்டார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது ஓட்டம். பட்டப்பகலில், வெட்டவெளியில், நாயும் முயலும் கண்ணுக்குத் தெரிய ஓடவேண்டும். முயல் தப்பிவிட்டால் அன்று இரவு திண்ணையில் பேச்சு இன்னும் நீளும்.

நான் சொல்வது 1960-களின் கடைசி. கோவில்பட்டிக்கும் சிப்பிப்பாறைக்கும் இடைப்பட்ட கரிசல் புஞ்சை. எல்லா மாதமும் நாய் அவிழ்க்க முடியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கரிசல் மண் காலோடு அப்பிக்கொள்ளும். நாய் நாலு பாய்ச்சல் போவதற்குள் ஒவ்வொரு பாதமும் உருண்டை கட்டிவிடும். கோடை முற்றினால் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். வேகத்தில் வருகிற நாயின் முன்னங்கால் வெடிப்பில் இறங்கினால் எலும்பு முறிந்ததுதான். அதனால் சோளமும் கம்பும் அறுத்தபின், மண் காய்ந்தும் வெடிப்பு விரியாமலும் இருக்கிற தை, மாசிதான் காலம்.

காலைப் பனி விலகியதும் ஆட்கள் கையில் கம்போடு, ஆளுக்கு ஆள் கொஞ்சம் இடைவெளி விட்டு, வரிசையாக நடப்பார்கள். முயல் எலியைப் போல வளை தோண்டுவதில்லை. உழுசாலிலோ புல் மறைவிலோ காதுகளை முதுகோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். மண்ணாங்கட்டி என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவோம். தாத்தாவின் அண்ணன் மட்டும் எப்படியோ கண்டுவிடுவார். "அந்தக் கட்டிக்குக் கண் இருக்கிறது பார்" என்று மெல்லச் சொல்வார். எழுப்பிவிட்ட உடனே நாயை அவிழ்க்கக் கூடாது. முயல் கொஞ்சம் தூரம் போகட்டும் என்று விடுவார்கள். அந்த நேரத்தில் வாரைப் பிடித்திருக்கிறவனின் தோள் கழன்றுவிடும் போலிருக்கும்.

கன்னி, சிப்பிப்பாறை என்ற எங்கள் பக்கத்து நாய் இனங்கள் மோப்பத்தால் துரத்துகிறவை அல்ல, கண்ணால் துரத்துகிறவை. நீண்ட மூஞ்சி, ஆழமான நெஞ்சு, வற்றிய இடை. முழுப் பாய்ச்சலில் முதுகெலும்பு வில்லாக வளைந்து நிமிரும். ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் இரண்டு முறை நான்கு கால்களும் தரையை விட்டுப் போய்விடும். நேர் ஓட்டத்தில் நாய் முயலை நெருங்கிவிடும். முயலுக்கும் அது தெரியும். வாய் எட்டுகிற தூரம் வந்ததும் சட்டென்று ஒடித்துத் திரும்பும். நாய் தன் வேகத்தை அடக்க முடியாமல் புழுதி கிளப்பிக்கொண்டு கடந்து போகும். மறுபடி நெருங்கும், மறுபடி முயல் திரும்பும். எங்கள் வீட்டில் கருப்பன் என்று ஒரு கன்னி இருந்தது. கருநிறம், புருவத்துக்கு மேலும் காலிலும் செம்பழுப்பு. மற்ற நாய்கள் முயலின் வாலைப் பார்த்து ஓடும்போது, கருப்பன் அது எந்தப் பக்கம் திரும்பும் என்று முன்கூட்டியே அந்தப் பக்கம் சாய்ந்துகொண்டு ஓடும். ஜோடி நாய் துரத்த, இது குறுக்கே வரும். யாரும் பழக்கிக் கொடுத்ததல்ல.

ஓட்டம் முடிந்ததும் உடனே தண்ணீர் காட்டமாட்டார்கள். மூச்சு அடங்கும்வரை மெல்ல நடத்திக் கூட்டிவருவார்கள். வீட்டில் கம்மங்கூழும் மோரும்தான் அதன் சாப்பாடு.

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தொடக்கத்தில் சில விலங்குகளுக்கு உரிமம் வாங்கி வேட்டையாட ஒரு வழி இருந்தது. 1991 திருத்தம் அதையும் அடைத்துவிட்டது. என்னைக் கேட்டால் சட்டம் சரி என்றுதான் சொல்வேன். முயலைக் குறைத்தது எங்கள் தாத்தாவின் நாய் அல்ல, பின்னால் வந்த தலைவிளக்கும் மோட்டார் சைக்கிளும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் கையும் களவுமாகப் பிடிக்கிற வனக் காவலருக்கு நான் எந்த வகை என்று எப்படித் தெரியும்? சட்டம் இல்லாவிட்டாலும் ஓட இடம் ஏது? புஞ்சையெல்லாம் சீமைக் கருவேலம். கண்ணால் துரத்துகிற நாய்க்கு முள்புதர் சுவர்தான்.

வேட்டை போய்விட்டது, நாய் மட்டும் இருக்கிறது. இப்படி நாயோடு வளர்ந்தவர்கள் எழுதுங்கள்.

ராஜபாளையத்துக்காரர்

அண்ணாச்சி, உங்கள் பக்கம் ஓட்டம். எங்கள் பக்கம் நின்று மறிப்பது.

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் எங்கள் அப்பாவுக்கு மாந்தோப்பு உண்டு. ராஜபாளையம் நாயைப் பன்றிக்காகவே வைத்திருந்தோம். சிப்பிப்பாறையைவிட எலும்பு கனம், நெஞ்சு அகலம். நல்ல நாய் பன்றியைக் கடிக்கப் போகாது. முன்னால் நின்று குரைத்து அதை நிறுத்தி வைக்கும். பன்றி தலையைத் தாழ்த்திப் பாய்ந்தால் விலகி, மறுபடி முன்னால் வரும். கடிக்கப் போகிற நாய் ஒரு பருவம்கூடத் தாங்காது. ஆண் பன்றியின் கோரைப்பல் அடியிலிருந்து மேலே கிழிக்கும்.

ஒரு முறை நடந்ததைச் சொல்கிறேன். நிலா இல்லாத இரவு. தோப்புக் கோடியில் எங்கள் பெட்டை நாய் குரைக்கிறது, ஆனால் குரல் நகரவில்லை. அப்பா டார்ச்சோடு போனார், நான் பின்னால். மாமரத்து வேரடியில் ஒரு பன்றி, எதிரே நாய், நடுவில் எங்கள் தோப்புக் காவலாளி! காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். பன்றி அவரைத் தள்ளிவிட்டிருக்கிறது. மறுபடி அவர்மேல் போகவிடாமல் நாய் மறித்துக்கொண்டே இருந்திருக்கிறது. வெளிச்சம் பட்டதும் பன்றி வேலியைப் பிய்த்துக்கொண்டு மலைப்பக்கம் போய்விட்டது. அந்த நாய் குட்டி ஈன்றபோதெல்லாம் முதல் குட்டி காவலாளி வீட்டுக்குத்தான் போனது.

இன்றைக்கு நாயை இரவில் தோப்புக்குள் அவிழ்த்துவிடவே பயமாக இருக்கிறது. காரணம் பன்றி அல்ல, அவுட்டுக்காய். பன்றி கடிக்கட்டும் என்று தீனிக்குள் வெடிமருந்தைப் பொதிந்து போட்டுவிட்டுப் போகிறார்கள். பக்கத்துத் தோப்பு நாய் ஒன்று அதைக் கடித்துத் தாடையே போய்விட்டது. இதையும் வேட்டை என்று சொல்கிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வருகிற பன்றியை வனத்துறையே சுடலாம் என்று 2025 தொடக்கத்தில் அரசு ஆணை வந்தது. எங்கள் தோப்பு காட்டை ஒட்டியே இருப்பதால் எங்களுக்கு அதில் பயனில்லை.

இன்னொன்று. பால்வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்கும் இருந்தால்தான் அசல் என்று வாங்குகிறவர்கள் கேட்கிறார்கள். அந்த வெள்ளையோடு செவிடும் சேர்ந்து வருவது இந்த இனத்தில் சகஜம். தோப்புக் காவலுக்குக் காது கேட்காத நாயை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? 2005-ல் தபால்தலையில் படம் போட்டார்கள். அதிலிருந்து எங்கள் ஊரில் எல்லோருமே நாய் வளர்ப்பு நிபுணர்கள்.

சிவகங்கைக்காரர்

எங்கள் பக்கம் மாசி சிவராத்திரியை ஒட்டிப் பாரி வேட்டை. ஊரே கம்போடும் நாயோடும் கிளம்பும். கிடைத்த முயலைச் சாமிக்குப் படைத்து எல்லா வீட்டுக்கும் பங்கு வைப்பார்கள். ஒரு துண்டுதான் வரும், ஆனால் பங்கு வராத வீடு இருக்காது. இப்போது அந்த நாளில் வனத்துறை முன்னதாகவே வந்து எச்சரித்துவிட்டுப் போகிறது. மீறிப் போனவர்கள் அபராதம் கட்டியிருக்கிறார்கள்.

நான் தூண்டிலுக்கு மாறிவிட்டேன். கண்மாயில் உயிர்த் தவளையை முள்ளில் குத்தி நீர்ப்பரப்பில் தத்தவிட்டு விரால் பிடிப்பது. குஞ்சு மேய்க்கிற விராலைப் பிடிப்பதில்லை. செந்நிறக் குஞ்சுக் கூட்டம் தண்ணீருக்கு மேலே கொப்பளித்தால் பெரிய விரால் கீழேதான் நிற்கிறது என்று தெரியும். போட்டால் பாய்ந்து கவ்வும், ஆனால் பசியால் அல்ல, கோபத்தால். அந்த நேரத்தில் தூண்டில் போடுகிறவன் தூண்டில்காரனே அல்ல.

லிவர்பூலிலிருந்து

கரிசல் அண்ணாச்சி எழுதியதைப் படித்ததும் கிரேட் ஆல்ட்கார் நினைவுக்கு வந்தது. இங்கிருந்து பக்கம்தான். 1836 முதல் வாட்டர்லூ கோப்பை என்ற முயலோட்டப் போட்டி அங்கே நடந்தது. கடைசிப் போட்டி 2005 பிப்ரவரியில். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நாய் விட்டுக் காட்டு விலங்குகளை வேட்டையாடுவதற்குத் தடை அந்த மாதம் 18-ஆம் தேதி அமலுக்கு வந்தது. போட்டி அதற்குச் சில நாட்கள் முன்னால். உடன் வேலை செய்த ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் என்னை அழைத்துப் போனார்.

இரண்டு கிரேஹவுண்டுகளை ஒரே வாரில் பிடித்தபடி ஓர் ஆள் மறைவில் நிற்பார். முயல் அவரைத் தாண்டி முன்னால் போனபிறகுதான் அவிழ்ப்பார். குதிரைமேல் சிவப்புக் கோட்டு நடுவர். எந்த நாய் முயலைத் திருப்பியது, எது மற்றதைக் கடந்து போனது என்பதற்கே மதிப்பெண். கொன்றதற்குக் கிடைப்பது சொற்பம். சில சமயம் ஒன்றுமே கிடையாது. நான் நின்ற இடத்திலிருந்து பார்த்தவரை பெரும்பாலான முயல்கள் தப்பித்தன. தப்பாத ஒன்று எழுப்பிய சத்தத்தையும் கேட்டேன், அதையும் சொல்லத்தான் வேண்டும். வெளியே எதிர்ப்பாளர்கள் பதாகையோடு நின்றார்கள். என்னோடு வந்த பெரியவர் அவர்களைத் திட்டவில்லை. "முயலைப் பற்றி அவர்கள் சொல்வது பொய் இல்லை. நாயைப் பற்றித்தான் அவர்களுக்கு ஒன்றும் தெரியாது" என்றார்.

வெலிங்டன்காரர், நீலகிரி

எங்கள் மலையில் நரி வேட்டை நடந்தது பலருக்குத் தெரியாது. வெள்ளைக்காரர்கள் இங்கிலாந்திலிருந்து வேட்டை நாய்களைக் கப்பலில் கொண்டுவந்து, ஊட்டிக்கு வெளியே வென்லாக் டவுன்ஸ் புல்வெளியில், நரிக்குப் பதில் நம்மூர்க் குள்ளநரியைத் துரத்தினார்கள். இவை மோப்ப நாய்கள். கூட்டமாகக் குரல் கொடுத்துக்கொண்டே ஓடும். பின்னர் அது வெலிங்டன் ராணுவக் கல்லூரி அதிகாரிகளின் பொழுதுபோக்காக நீடித்தது. குள்ளநரியை விட்டுவிட்டார்கள். வாடை ஏற்றிய துணியை ஒருவர் முன்னால் இழுத்துக்கொண்டு போவார், அந்தத் தடத்தில் நாயும் குதிரையும் போகும்.

எங்கள் அப்பா குதிரை லாயத்தில் வேலை செய்தார். சின்ன வயதில் அவரோடு மேட்டில் நின்று பார்த்திருக்கிறேன். சிவப்புக் கோட்டைவிட எனக்குப் பிடித்தது அந்த நாய்களின் குரல். பனிமூட்டத்தில் ஒன்றும் தெரியாது. குரல் எந்தச் சரிவில் இறங்குகிறது, எங்கே தடம் தவறிக் குழம்புகிறது, எங்கே மறுபடி பிடித்தது என்று அப்பா கேட்டே சொல்வார். "இப்போது தலைநாய் பொய் சொல்கிறது, மற்றவை நம்பவில்லை" என்பார். பிறகு புல்வெளியில் பெரும்பகுதி சீகை மரமும் கற்பூர மரமும் ஆகிவிட்டது.

வேளச்சேரிக்காரர்

எல்லோருக்கும் வணக்கம். 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை எல்லாவற்றையும் பெயர் சொல்லிப் பேசினாரே, அதிலிருந்து எனக்கு ஆசை. இரண்டாவது மாடியில் அடுக்குமாடி வீடு. கன்னிக் குட்டி வாங்கலாமா? இணையத்தில் விலை தாறுமாறாக இருக்கிறது.

கோவில்பட்டி பக்கத்துக்காரர்

லிவர்பூல் தம்பி, மதிப்பெண் கணக்கை என் தாத்தா கேட்டிருந்தால் அந்த நடுவரை வீட்டுக்குக் கூப்பிட்டிருப்பார். ராஜபாளையத்தாரே, காவலாளி கதையை என் பேரனுக்குப் படித்துக் காட்டினேன்; அந்த நாயின் பெயர் என்ன என்று கேட்கிறான், எழுதுங்கள்.

வேளச்சேரித் தம்பிக்கு. நாய் அடுக்குமாடியில் இருக்கும், அதில் ஒன்றுமில்லை. ஓட்டம் இல்லாத நேரமெல்லாம் கன்னி சோம்பேறிதான், சுருண்டு படுத்துக்கொள்ளும். ஆனால் தினமும் ஒரு முறையாவது முழுப் பாய்ச்சல் வேண்டும், அதற்குச் சுற்றுச்சுவர் உள்ள மைதானம் வேண்டும். தெருவில் வாரை விட்டுவிடாதீர்கள். எதிர்ச் சாரியில் பூனை ஓடினால் நடுவில் வருகிற லாரி அதன் கண்ணுக்குத் தெரியாது. கூப்பிட்டால் கேட்காது, காது இருந்தாலும். கன்னி முன்பின் தெரியாதவர்களிடம் ஒட்டாது, அடித்தால் உங்களிடமும் ஒட்டாது. உடம்பில் கொழுப்புக் குறைவு, ஏ.சி. அறையில் ஒரு சாக்காவது விரித்துப் போடுங்கள். விலா எலும்பு தெரிகிறதே என்று பக்கத்து வீட்டார் சோறு ஊட்டக் கிளம்புவார்கள், விடாதீர்கள்.

இணையத்தில் வாங்கவேண்டாம். எங்கள் பக்கம் வாருங்கள். குட்டியைப் பார்க்காதீர்கள், எல்லாக் குட்டியும் அழகுதான். தாயையும் தகப்பனையும் காட்டச் சொல்லுங்கள். வாரை அவிழ்த்து ஓடவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். எங்கள் பக்கம் இப்போது பொம்மையை இழுத்து நாய்ப் பந்தயம் வைக்கிறார்கள், அங்கே பார்த்தாலும் சரி. தாய் ஓடிப் பார்த்ததே இல்லை, கண்காட்சியில் கோப்பை மட்டும் வாங்கியிருக்கிறது என்றால் டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள். வருவதானால் தை பிறந்து வாருங்கள், அதற்கு முன் மண் ஈரமாக இருக்கும்.