'ஃபோரேஜிங்': 'இரைதேடல்' வேண்டாம், 'ஈட்டம்' எனலாம்

அன்புடையீர், வணக்கம்.

தேனீக்கள் வெளியே சென்று பூந்தேன், மகரந்தம், நீர் முதலியவற்றைக் கூட்டுக்குக் கொண்டுவரும் செயலை ஆங்கிலத்தில் 'ஃபோரேஜிங்' என்பர். அதற்குத் தமிழ்ச்சொல்லாக முன்மொழியப்பட்ட 'இரைதேடல்' எனக்கு நிறைவளிக்கவில்லை. இரை என்றதும் பிடிபடும் உயிரே நினைவுக்கு வருகிறது. 'உணவுதேடல்' என்று மாற்றினாலும், கூட்டைக் குளிர்விப்பதற்காகத் தேனீ சுமந்து வரும் தண்ணீர் அதில் அடங்காது. வேலூர்க் கோடையில் அது சிறிய வேலையன்று.

'தேடல்' என்பதில்தான் எனக்குப் பெரிய தடை. வெளியே செல்லும் தேனீக்களுள் சிலவே புதிய பூக்களைத் தேடுகின்றன. பிற பலவும், பூ இருக்கும் இடத்தைக் கூட்டிலுள்ள தேனீக்களுக்கு உணர்த்தும் நடனத்தை, அதாவது விலங்கியலாளர் கார்ல் வான் ஃபிரிஷ் பொருள் கண்டு விளக்கி 1973இல் நோபல் பரிசு பெற்ற அந்த நடனத்தைப் பின்பற்றி, சொல்லப்பட்ட இடத்தை நோக்கிச் செல்கின்றன. ஆகவே புதிய பூக்களைத் தேடும் முன்னோடிகளைத் 'தேடுதேனீ' என்று தனியே குறித்துவிட்டு, முழுச் செயலுக்கு 'ஈட்டம்' என்ற சொல்லைப் பரிந்துரைக்கிறேன். 'உய்த்தீட்டும் தேனீ' என்று நாலடியார் சொல்வதில், கொண்டுவந்து சேர்ப்பதும் அடங்கியிருக்கிறது. அலுவலகத்தாருக்கு 'ஈட்டிய விடுப்பு' நினைவுக்கு வரும் என்பது உண்மைதான். அதனால் கெடுவது ஒன்றுமில்லை.

சேர்ப்பது ஏன் முக்கியம் என்பதைப் பூச்சிக்கொல்லி பற்றி எழுதும்போது உணரலாம். 2012இல் வெளியான பிரெஞ்சு ஆய்வொன்றில், உடனே கொல்லாத அளவு தயாமீத்தாக்சம் என்ற பூச்சிக்கொல்லி கொடுக்கப்பட்ட தேனீக்களில் கூடு திரும்பாதவை மிகுந்தன. பூவைக் கண்டும் வீடு சேராத அந்த இழப்பைத் 'தேடல் பாதிப்பு' என்று எழுதினால் பொருள் திரிந்துவிடும். 'ஈட்டம் குலைந்தது' என்றால் சரியாக அமையும். குடியாத்தம் பக்கத்து மாந்தோப்புகளில் பூக்கும் பருவத்தில் தத்துப்பூச்சிக்கு இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிக்கொல்லியைத் தெளிப்பவர்களுக்கான துண்டறிக்கையிலும் இச்சொல்லைக் கையாளலாம்.

கூட்டைச் சுற்றியுள்ள நிலத்தைப் பற்றி எழுத, தேனீ ஈட்டத்துக்குப் பறந்து செல்லும் தொலைவைக் குறிக்கும் 'ஈட்ட எல்லை' உதவும். இந்தியத் தேனீ பெரும்பாலும் ஓரிரு கிலோமீட்டருக்குள் பறப்பது. இத்தாலியத் தேனீ அதனினும் நெடுந்தொலைவு செல்லக்கூடியது. அந்த வட்டம் முழுவதும் நெல்லும் கரும்புமாக இருந்தால், இடையிலுள்ள புங்கமும் வேம்பும் தென்னையுமே ஆதாரம். (நாம் திட்டித் தீர்க்கும் சீமைக்கருவேலும் தேனீக்கு நல்ல பூமரம்தான்.)

'ஈட்டத்தேனீ', 'ஈட்டப் பயணம்', 'நீர் ஈட்டம்', 'மகரந்த ஈட்டம்' ஆகிய தொடர்களும் இடறலின்றி அமைகின்றன. எறும்புக்கும் இதே சொல் பொருந்தும். கிடைத்த இடத்திலேயே உண்டுவிடும் விலங்குகளுக்குப் பொருந்தாது என்பதால், அவற்றுக்கு 'மேய்தல்', 'இரைதேர்தல்' என்பவற்றையே வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.