ஆமைக் கூடு வேலையில் பெரியவர்களும் பிள்ளைகளும் பொறுப்பைப் பிரிப்பது எப்படி?

கடற்காகம்:
எங்கள் ஊரில் பங்குனி ஆமை என்ற கடலாமையின் முட்டைகளைக் காக்கும் குழுவில் மூத்தவர்கள் நான்கு பேர், கல்லூரிப் பிள்ளைகள் பத்துப் பேர். மணலில் குத்திக் கூட்டைத் தேடும் குச்சி, முட்டைகளைப் புதைத்துக் காக்கும் பொரிப்பகத்தின் சாவி, பதிவேடு எல்லாம் பெரியவர்கள் கையில். பிள்ளைகள் வாளி தூக்குவதோடு சரி, இரண்டு சீசனில் கழன்றுகொள்கிறார்கள். என்ன செய்யலாம்?

மணல்மேடு:
முதலில் குச்சி. முட்டை இட்ட ஆறு மணி நேரத்துக்குள், கூட்டைக் கண்டுபிடித்து, உருட்டாமல் பொரிப்பகத்துக்கு மாற்றிவிட வேண்டும். அதற்கப்புறம் கரு ஓட்டின் மேல்பக்கம் ஒட்டிக்கொள்ளும், அசைத்தால் செத்துவிடும். ஆகவே ராத்திரி 2 மணிக்கு ஆமைத் தடத்தைப் பார்த்த பிள்ளை, பெரியவர் போனை எடுக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. முடிவெடுக்கும் ஆள் கரையில் இருக்க வேண்டும்.

ஆனால் பழகாத கையில் குச்சி ஆபத்து. அழுத்திக் குத்தினால் முட்டை உடையும், எறும்பும் பூஞ்சையும் மிச்சத்தையும் கெடுக்கும். பகலில் 45 செ.மீ. ஆழத்துக்குக் குடுவை மாதிரி தோண்டி, டேபிள் டென்னிஸ் பந்துகளைப் போட்டு மூடுங்கள். குழியின் கழுத்துப் பக்கம் மண் இளகுவது குச்சியில் தெரியும் வரை பயிற்சி. அதுவரை பெரியவர் பக்கத்தில் நிற்கட்டும்.

உப்பங்காற்று:
பொரிப்பக இடத்தைப் பெரியவர்களே சொல்லட்டும். எந்த மேட்டை அலை தொடும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். போன வருஷ இடம் வேண்டாம், அல்லது மணலை மாற்றுங்கள். கூட்டுக்குக் கூடு 1 மீட்டர் இடைவெளி.

வெப்பமானி பிள்ளைகளிடம். கூட்டு மணலின் சூடு சுமார் 29 டிகிரிக்கு மேலே போகப் போகப் பெண் குஞ்சுகள் கூடும். 34ஐத் தாண்டினால் கரு சாகத் தொடங்கும். நிழலுக்குக் கீற்று எப்போது போடுவது என்பதை அளவைப் பார்க்கிறவர்தான் சொல்ல வேண்டும், வயதில் மூத்தவர் அல்ல. இதில்தான் சண்டை வரும், சீசனுக்கு முன்பே பேசி எழுதிவையுங்கள்.

வலைமரம்:
இந்த ஆமை 1972 வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. வனத்துறை அனுமதி இல்லாமல் முட்டையைத் தொடக் கூடாது. அனுமதிக் கடிதம் ஒரே பெரியவர் பெயரில் இருந்தால் அவர் படுத்தவுடன் வேலையும் படுத்துவிடும். டிசம்பருக்குள் பிள்ளைகள் பெயரையும் சேர்த்துக் கேளுங்கள். சென்னையில் 1988இல் மாணவர்களே தொடங்கிய கடலாமைக் குழு இன்றும் நடக்கிறது, சின்ன வயது தடையில்லை.

முட்டை பொரிய 45 முதல் 60 நாள். ஜனவரிக் கூடு மார்ச்சில் பொரியும், அப்போது பரீட்சை. அதனால் கூடு தேடிக் கரையில் போகும் இரவு நடை பிள்ளைகளுக்கு, பொரிப்புக் காவல் பெரும்பாலும் மூத்தவர்களுக்கு.

கடற்காகம்:
நன்றி அண்ணா. குச்சியைக் கேட்டாலே தாத்தா முகம் மாறுமே?

மணல்மேடு:
பிடுங்காதீர்கள். யார் பிடிக்கலாம் என்று பார்த்துச் சொல்லும் உரிமையை அவருக்கே கொடுங்கள். ஒவ்வொரு கூட்டுச் சீட்டிலும் தேதி, முட்டை எண்ணிக்கையோடு மாற்றியவர் பெயரும் இருக்கட்டும். குஞ்சுகள் வெளியேறி மூன்றாம் நாள் தோண்டி, காலி ஓட்டையும் பொரியாததையும் எண்ணும்போது இரண்டு பேரும் சேர்ந்து உட்காருங்கள். தாத்தா மாற்றிய கூடும் அந்தக் கணக்கில் வரணும்.